எட்டு எண்ணங்கள், ஏழு பாவங்கள்

'காய்மகாரம்' என்ற சொல்லை எட்டு வயதில் மனப்பாடம் செய்தேன். பொருள் தெரிந்தது இருபது வயதுக்குமேல். எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் பிள்ளைகளைச் சிமெண்டுத் தரையில் உட்காரவைத்து ஞானோபதேசக் கேள்வி கேட்பார். தலையான பாவங்கள் எத்தனை? ஏழு. யாவை? அகங்காரம், உலோபம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல். மூச்சுவிடாமல் சொல்லவேண்டும். 'போசனப்பிரியம்' என்ற இடம் வந்ததும் மொத்த வரிசையும் திரும்பி என்னைப் பார்க்கும். அப்போது நான் சற்றுப் பருமன்.

இன்று சிலிபினில், லூர்து மாதா கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கிறேன். ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து கிளம்பிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பிப்ரவரியில் மாதா திருவிழாவுக்கு வரும்போதுதான் பழைய முகங்களைப் பார்க்க முடிகிறது. சென்ற ஆண்டு அப்படி வந்த என் வயதுக்காரர் ஒருவர், வாசலில் செருப்பைக் கழற்றியபடியே அந்த ஏழையும் ஒப்பித்துக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். தேடிப்போன இடத்தில், அதை முதலில் எழுதியவர் கையில் அது பாவப் பட்டியலாகவே இல்லை.

எழுதியவர் பெயர் எவாக்ரியுஸ். இன்றைய துருக்கியின் வடபகுதியில், கருங்கடலை ஒட்டிய பொந்துஸ் நாட்டில், 345 வாக்கில் பிறந்தவர். நாசியான்சு கிரகோரியாரிடம் திருத்தொண்டர் பட்டம் பெற்று, கான்ஸ்டாண்டிநோபிளில் பேச்சாற்றலால் பெயர் வாங்கினார். அங்கே பெரிய இடத்துப் பெண் ஒருத்திமேல், அவள் மணமானவள் என்று தெரிந்தே, மனத்தைப் பறிகொடுத்தார். ஒரு கனவில், ஊரைவிட்டுப் போய்விடுகிறேன் என்று சத்தியம் செய்தாராம். விழித்ததும், கனவில் செய்தாலும் சத்தியம் சத்தியம்தான் என்று எருசலேமுக்குக் கப்பலேறிவிட்டார். அங்கே மூத்த மெலானியா என்ற பெருமாட்டி, நோயில் கிடந்த அவரைத் தேற்றி எகிப்தியப் பாலைவனத்துக்கு அனுப்பிவைத்தார். இதையெல்லாம் எழுதிவைத்தவர் அவருடைய மாணவர் பலாடியுஸ். நித்ரியாவில் இரண்டு ஆண்டுகள், பிறகு கெல்லியா என்ற துறவியர் குடியிருப்பில் 399இல் சாகும்வரை ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள். நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்.

தன்னைத் தானே வென்ற மகானாக இவரை நான் பார்க்கவில்லை. தன்னிடமே ஒருமுறை தோற்று, தோற்றது எப்படி என்று மீதி வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர். அதனால்தான் அவர் எழுத்தில் உபதேசத்தைவிடக் கவனிப்பு அதிகம்.

அவர் கொடுத்த பட்டியலில் எட்டு இருந்தன: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், 'அகேதியா' என்று கிரேக்கத்தில் சொல்லப்படும் ஒருவகைச் சலிப்பு, வீண்புகழ், அகந்தை. இவற்றுக்கு அவர் வைத்த பொதுப்பெயர் 'லொகிஸ்மொய்'. எண்ணங்கள் என்று பொருள். 'பிராக்திகோஸ்' என்ற நூலை நூறு சிறு அத்தியாயங்களாக எழுதினார். எட்டையும் வரிசையாகச் சொன்ன கையோடு ஒரு வேறுபாட்டையும் அதில் வைக்கிறார். இவை வந்து நம்மைத் தொந்தரவு செய்வது நம் கையில் இல்லை. வந்ததைத் தங்கவைப்பதும் அனுப்பிவிடுவதும் நம் கையில் இருக்கிறது. வாசலுக்கு வந்தவன் யாரென்று பார்ப்பது ஒன்று, அவனுக்குப் பாய் விரிப்பது வேறு. குற்றம் பாய் விரிப்பதில்தான் தொடங்குகிறது.

இந்த வேறுபாடு எங்கள் உபதேசியாரிடம் வந்துசேர ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆனது. வழியில் அது உதிர்ந்துவிட்டது. எவாக்ரியுஸின் கருத்துகளை இலத்தீனுக்குக் கொண்டுபோனவர் யோவான் காசியான். எகிப்தில் துறவிகளோடு வாழ்ந்துவிட்டு, 415 வாக்கில் பிரான்சின் மார்சேயில் மடங்களை நிறுவினார். தம் 'நிறுவனங்கள்' என்ற நூலின் பன்னிரண்டு பகுதிகளில் எட்டை இந்த எட்டுக்கே ஒதுக்கினார். ஆனால் எவாக்ரியுஸின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதற்குள், முந்தைய இறையியலாளரான ஒரிகனின் கொள்கைகளைப் பற்றிய சண்டையில் எவாக்ரியுஸின் பெயர் அடிபட்டிருந்தது. 553இல் அவர் கொள்கைகள் கண்டனத்துக்கும் ஆளாயின. அவருடைய நூல்கள் வேறொருவர் பெயரில் ஒளிந்தும், சிரியாக் மொழிபெயர்ப்பில் ஒதுங்கியும்தான் பிழைத்தன. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் எட்டை மாற்றி ஏழாக்கினார். அகந்தையை எல்லாவற்றுக்கும் வேராக வைத்தார், பொறாமையை உள்ளே சேர்த்தார். எங்கள் காய்மகாரம் வந்த வழி அதுதான். அகேதியா துயரத்தோடு கலந்தது. இடைக்காலத்தில் துயரமும் பட்டியலைவிட்டுப் போய், கடைசியில் சோம்பல் நின்றது. எண்ணங்கள் பாவங்களாயின.

இதில் என்ன வந்துவிட்டது, எட்டோ ஏழோ என்று கேட்கலாம். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு வித்தியாசம் தெரியும். எங்கள் லயத்தில் கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரு பெண் மாதக்கணக்கில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நேரத்துக்கு வரமாட்டார். வந்தாலும் நெரையில், தமக்குரிய மரவரிசையில், பாதி மரத்தோடு உட்கார்ந்துவிடுவார். கங்காணி அவரைக் கூப்பிடும் சொல் ஒன்றுதான்: சோம்பேறி. ஞானோபதேசம் படித்த நாங்களும் அப்படியே நினைத்தோம், பட்டியலில் வேறு சொல் இல்லையே. எவாக்ரியுஸிடம் கேட்டிருந்தால் துயரம் தனி, சலிப்பு தனி, சோம்பல் இரண்டிலும் சேராது என்றிருப்பார். இன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் அந்தப் பெண்ணிடம் கேட்கக்கூடிய கேள்விகளை எண்ணிப்பார்க்கிறேன்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எந்த நேரத்தில் அதிகமாக அழுத்துகிறது. மூன்றாவது கேள்வி எவாக்ரியுஸின் கேள்விதான்.

ஏனென்றால் நேரத்தை அவர் விடவேமாட்டார். அகேதியாவை 'நண்பகல் பேய்' என்று பாலைவனத்தார் அழைத்தார்கள். தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தின் ஒரு சொல்லிலிருந்து எடுத்தது. காலை பத்து மணிக்குப் பிடித்துக்கொண்டு பிற்பகல் இரண்டுவரை விடாதாம். அந்த நான்கு மணி நேரத்தில் துறவிக்கு என்ன நடக்கிறது என்று எவாக்ரியுஸ் சொல்வதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொழுது நகரவே இல்லை என்று தோன்றும். சன்னலை எட்டிப் பார்ப்பான். வெளியே வந்து சூரியனை அண்ணாந்து பார்ப்பான், சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று. யாராவது வருகிறார்களா என்று அக்கம்பக்கம் கண்ணை ஓட்டுவான். பிறகு இந்த இடமே பிடிக்காது, கைவேலை பிடிக்காது, இங்கே அன்பு காட்ட ஆளில்லை என்று தோன்றும். வேறிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனையும் வரும். வீட்டு நினைப்பும், இன்னும் வாழவேண்டிய நீண்ட காலமும் கண்முன் வந்து நிற்கும்.

சூரியனுக்குப் பதில் கைப்பேசியை வைத்துப் பாருங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஈப்போ வெயிலில் சுண்ணாம்புக்கல் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் என் கை எத்தனை முறை அதை எடுக்கிறது என்று ஒருநாள் எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே எழுத மாட்டேன். 2010இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் ஒரு செயலி வழியாக 2,250 பேரிடம் அவ்வப்போது விசாரித்தார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? கேட்ட நேரங்களில் 46.9 விழுக்காட்டில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. கெல்லியாவில் இது செய்தியாகவே இருந்திருக்காது.

அலைகிற மனத்தை என்ன செய்வது? இந்த இடத்தில்தான் பாலைவனமும் உளவியலும் கிட்டத்தட்ட கைகுலுக்கிக்கொள்கின்றன. அதுவும் உளவியல் ஒரு பெரிய சுற்றுச் சுற்றிவிட்டு வந்த பிறகு.

முதலில் நம்பப்பட்டது மனவலிமை. 1998இல் ராய் பாமைஸ்டரும் கூட்டாளிகளும் செய்த சோதனை புகழ்பெற்றது. அறை முழுக்கச் சுடச்சுட பிஸ்கட் வாசனை. சிலருக்குச் சாக்லேட் பிஸ்கட், சிலருக்கு வெறும் முள்ளங்கி. பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியைக் கடித்தவர்கள், பின்னால் கொடுத்த தீராத புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். ஆக மனவலிமை என்பது தசைபோல, பயன்படுத்தினால் களைத்துப்போகும் என்றார்கள். புத்தகங்கள் குவிந்தன, பயிற்சி வகுப்புகள் நடந்தன. 2016இல் இருபத்து மூன்று ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, இந்தக் களைப்பை வேறொரு சோதனையால் சரிபார்த்தன. களைப்பு ஏறக்குறைய தென்படவே இல்லை.

அதற்கு நான்காண்டு முன்பே, 2012இல், ஹோஃப்மனும் அதே பாமைஸ்டரும் சேர்ந்து ஜெர்மனியில் இருநூறு பேரின் அன்றாட ஆசைகளை ஒரு வாரம் பதிவு செய்திருந்தார்கள். அதில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. தன்னடக்கம் மிக்கவர்கள் என்று அளவுகோல் காட்டியவர்கள், ஆசையோடு அதிகம் மல்லுக்கட்டியவர்களாக இல்லை. மல்லுக்கட்ட வேண்டிய நிலைமையே அவர்களுக்குக் குறைவாக வந்திருந்தது. பிஸ்கட் இருக்கும் அறைக்குள் அவர்கள் போகவில்லை, அவ்வளவுதான்.

துறவியின் சிற்றறை அப்படிப்பட்ட ஏற்பாடுதான். ஒரு பாய், ஒரு நீர்க்குடம், பின்னுவதற்குப் பனையோலை. வனத்து அந்தோணியாரைப் பற்றி ஒரு கதை உண்டு. அகேதியா பிடித்து வதங்கியபோது, தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து கயிறு முறுக்குவதையும், எழுந்து செபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து முறுக்குவதையும் கண்டார். இப்படிச் செய், பிழைப்பாய் என்று அவருக்குக் காட்டப்பட்டது. கதை அவ்வளவே. இதைவிட விசித்திரமானது காசியான் சொல்லும் ஆபா பவுலின் கதை. ஊரிலிருந்து ஏழுநாள் பயணத் தொலைவில் இருந்தார். பின்னியதைக் கொண்டுபோய் விற்றால் கூலி வண்டிச்சத்தத்துக்கே பற்றாது. தோட்டமும் பேரீச்சையும் இருந்ததால் பசியும் இல்லை. ஆனாலும் நாள் தவறாமல் ஓலை சேர்த்தார், கணக்குவைத்து வேலை செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்.

என் பாட்டியிடம் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதனைப் பைத்தியம் என்றிருப்பார். முப்பது ஆண்டுகளுக்குமேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, பிறகு நெரை. வெயில் ஏறினால் மரத்தில் பால் சுரப்பது குறைந்துவிடும் என்பதால் காலையிலேயே உளியோடு ஓடவேண்டும். பட்டையை மயிரிழை ஆழத்தில் சீவவேண்டும், கொஞ்சம் அழுத்தினால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் விட்டால் பால் வராது. மங்கு கழுவி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்து முடிக்கும்போது நண்பகல். ஒருநாள் வெட்டிய மரத்தை மறுநாள் விட்டுவிடுவார்கள், தினமும் வெட்டினால் மரம் தாங்காது. நேரமும் அளவும் தெரியாமல் செய்யும் தவம் நிலைக்காது என்று எவாக்ரியுஸ் ஓரிடத்தில் சொல்கிறார். இதை மட்டும் பாட்டி ஒத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் இந்த ஒப்புமையை இழுத்துக்கொண்டே போக எனக்கு விருப்பமில்லை. பவுல் தன் வேலையைத் தானே தேர்ந்தார், தானே கொளுத்தினார். பாட்டியின் பாலைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. தன்னடக்கத்தைப் பற்றிப் பேசும் பல நூல்கள் தாண்டிப்போய்விடும் இடம் இது. துறவி தன் சூழலைத் தானே அமைத்துக்கொண்டான். தோட்டத்துத் தமிழனின் சூழலை அமைத்தவர்கள் வேறு. பல தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் அதன் வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். குடித்தவனைப் பார்த்து, இவனுக்கு மனவலிமை இல்லை என்று அதே நிர்வாகம் சொன்னது. பிஸ்கட் சோதனையை நம்மிடம் இரண்டு தலைமுறைக்கு நடத்திவிட்டார்கள், கட்டுரை எழுதாமலேயே. 1947இல் கெடாவின் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்தது. அவர்கள் செய்தது ஒழுக்கப் பிரசாரம் என்று வரலாற்றில் ஒற்றை வரியில் போய்விடுகிறது. எனக்கு அது, குடிக்காதே என்று மனத்திடம் சொல்வதோடு நிற்காமல் கடையின் வாசலை அடைக்கப்போன அறிவாகத் தெரிகிறது. குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. கடையை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர்களை அது எட்டவில்லை.

மிட்டாய்ச் சோதனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில் வால்டர் மிஷல் செய்தது: ஒரு மிட்டாயை இப்போதே தின்னலாம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்று உலகம் முழுக்கப் பெற்றோர்களைப் பயமுறுத்திய சோதனை. 2018இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்தது. எனக்குப் பிடித்தது ரோச்செஸ்டரில் 2013இல் நடந்த சிறு ஆய்வு, இருபத்தெட்டே பிள்ளைகள். பாதிப் பேரிடம், நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்படி ஏமாந்த பிள்ளைகள் மிட்டாய்க்கு முன்னால் சராசரி மூன்று நிமிடம் காத்திருந்தன. சொன்னதைப் பெற்ற பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம். நாளைக்கு வா, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஆபீஸ் படிக்கட்டில் நின்று கேட்டுப் பழகிய பிள்ளை கையில் இருப்பதைத் தின்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சரி, சூழல் எப்படியோ அமைந்துவிட்டது, எண்ணமும் வந்துவிட்டது. பிறகு? அடக்கு என்பதுதான் நாம் கேட்டு வளர்ந்தது. ஈப்போவின் சம் போ தோங் குகைக்கோயிலில் ஓர் ஆமைக்குளம் உண்டு. அங்கே போகும்போதெல்லாம் ஐம்புலனை ஆமைபோல் உள்ளிழுக்கச் சொல்லும் அடக்கமுடைமை அதிகாரம் நினைவுக்கு வரும். எவாக்ரியுஸ் அந்த ஓட்டுக்குள்ளும் போய்ப் பார்த்திருக்கிறார். உலகத்தில் இருப்பவனோடு பேய்கள் பொருள்களை வைத்துச் சண்டையிடும், துறவியோடு எண்ணங்களை வைத்துச் சண்டையிடும், பின்னதுதான் கடினம் என்கிறார். தலையையும் காலையும் இழுத்துக்கொள்ளலாம். இழுத்துக்கொண்ட பிறகு உள்ளே இருட்டில் யார் இருக்கிறார்கள் என்பதல்லவா கேள்வி? நினைக்காதே என்றால் நினைப்பு கூடத்தான் செய்யும். 1987இல் டேனியல் வெக்னர், வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை எடுத்த பிறகு, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக வந்தது.

எவாக்ரியுஸ் சொன்ன வழி, எண்ணங்களைக் கணக்கெடுப்பது. எந்த எண்ணம் எப்போது வருகிறது, எவ்வளவு அழுத்துகிறது, எப்போது தளர்கிறது, எது போனதும் எது வருகிறது, எதோடு எது சேர்ந்து வராது என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறார். பெருந்தீனிக்குப் பின்னால் காமம் வருவதையும், எல்லாவற்றையும் வென்றுவிட்டோம் என்ற நொடியில் வீண்புகழ் வருவதையும் அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார். அமெரிக்காவில் 1960களிலிருந்து ஆரன் பெக் வளர்த்த சிகிச்சை முறையில் நோயாளியிடம் ஒரு தாள் கொடுப்பார்கள்: என்ன நடந்தது, தானாக என்ன எண்ணம் எழுந்தது, எவ்வளவு அழுத்தியது, அதற்கு என்ன பதில். 'தானாக எழும் எண்ணம்' என்பது பெக்கின் கலைச்சொல். அந்தத் தாளை எவாக்ரியுஸிடம் காட்டினால், நான்காவது கட்டத்துக்குத் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறேனே என்பார். 'அன்திர்ரேதிகோஸ்' என்ற அந்த நூலில் எட்டுப் பகுதிகள், ஏறத்தாழ ஐந்நூறு பதிவுகள். இன்ன எண்ணம் வந்தால் வேதத்தின் இன்ன வசனத்தைச் சொல். இப்படி வந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பவர்கள், வெறுமனே செய்வேன் என்று உறுதியெடுப்பவர்களைவிட அதிகம் சாதிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் ஆய்வுகளில் காட்டினார்.

பெக்கின் தாள் எங்கள் தாத்தாவுக்குக் கிடைத்திருந்தால் ஒரு சனிக்கிழமையாவது தப்பியிருக்கும். தபசுகாலம் தொடங்கினால் அவர் கள்ளைத் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம், பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி, எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஓர் ஆண்டு, குருத்து ஞாயிறுக்கு முதல்நாள், பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ விசேஷம். ஒரு கிளாஸ் குடித்துவிட்டார். ஒரு கிளாஸோடு விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "கெட்டது கெட்டுப்போச்சு, இனிமே என்ன?" என்று சொல்லி, நான்கு நாள் வீட்டுக்கு வரவில்லை. குடிநோய் மீட்சியை ஆராய்ந்த ஆலன் மார்லட் இந்தப் பேச்சுக்குக் கலைச்சொல்லே வைத்திருக்கிறார்: விரதம் முறிந்ததால் வரும் விளைவு. முதல் கிளாஸைவிட, அதை வைத்து ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் தீர்ப்பே அவனைக் கவிழ்க்கிறது. தாத்தா கேட்டு வளர்ந்ததும் பாவப் பட்டியல்தான். விழுந்தவன் பாவி, பாவிக்கு ஒரு கிளாஸ் என்ன, ஒரு பானை என்ன. எண்ணத்துக்கும் விழுகைக்கும் நடுவே எவாக்ரியுஸ் விட்டிருந்த இடைவெளி அவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

இந்த இடைவெளி மேற்கத்தியக் கிறிஸ்தவர்களுக்கே மறந்துபோயிருந்தது. அது திரும்பிக் கிடைத்த ஒரு வழி மலாயா மண்ணில் தொடங்கியது என்பதை எத்தனை பேர் அறிவோமோ! 1950களின் நடுவில், அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, டக்ளஸ் மெய்ன் என்ற இளைஞர் பிரிட்டிஷ் காலனி நிர்வாகத்தில் கோலாலம்பூருக்கு வந்தார். பக்தியுள்ள கத்தோலிக்கர். அரசு வேலையாக ஒருநாள் சுவாமி சத்தியானந்தாவைப் பார்க்கப் போனார். சுவாமி சுத்த சமாஜத்தை நிறுவியவர். ப்யூர் லைஃப் சொசைட்டி என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய அமைப்பு. வந்த வேலை முடிந்ததும் பேச்சு செபத்தின் பக்கம் திரும்பியது. தியானம் கற்றுக்கொடுப்பீர்களா என்று மெய்ன் கேட்டார். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி, ஒருநாளும் தவறாமல் உட்காரவேண்டும், ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் சுவாமி. நீ கிறிஸ்தவன், ஆகவே கிறிஸ்தவச் சொல் ஒன்றை எடுத்துக்கொள் என்றும் சொன்னார். வாரம் ஒருமுறை மெய்ன் அங்கே போய் அவரோடு உட்கார்ந்தார்.

நாடு திரும்பி, டப்ளினில் சட்டம் கற்பித்து, 1959இல் லண்டன் ஈலிங்கில் பெனதிக்து சபையில் சேர்ந்து யோவான் என்று பெயர் பெற்றார். அங்கே பயிற்சி அளித்த துறவி, இந்த உட்காருதலை விட்டுவிடு, இது நம் வழி இல்லை என்றார். கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுத்தவர், விட்டுவிட்டார். பத்தாண்டுக்கு மேலாயிற்று. 1970களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் ஒரு பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது, கிறிஸ்தவத்தில் தியானம் உண்டா என்று ஓர் இளைஞன் வந்து கேட்டான். பதில் தேடிப்போன மெய்ன், காசியானின் 'உரையாடல்கள்' நூலில் பத்தாவதில் வந்து நின்றார். அங்கே ஆபா ஐசக் என்ற பாலைவனத்துப் பெரியவர், கடவுளைத் துணைக்கு அழைக்கும் சங்கீத வரி ஒன்றை, எழுந்தாலும் படுத்தாலும், நடந்தாலும் தின்றாலும், மனம் எங்கே போனாலும் இழுத்துவந்து, மறுபடி மறுபடி சொல்லச் சொல்கிறார். பூச்சோங் சாலையில் கேட்டதுதான்.

1975இல் ஈலிங்கில் மெய்ன் முதல் தியானக் குழுவைத் தொடங்கினார். 'மாரநாதா' என்ற அரமேயச் சொல்லை எடுத்துக்கொண்டார். 1982இல் மான்ட்ரியலில் இறந்தார். 1991இல் அவர் சீடர் லாரன்ஸ் ஃப்ரீமன் முன்னின்று அமைத்த உலக சமூகம் இன்று பல நாடுகளில் இயங்குகிறது, மலேசியாவிலும்தான். சுவாமி சத்தியானந்தா 1961இலேயே போய்விட்டார். சமாஜத்தைக் கட்டிக்காத்த அன்னை மங்களம் 2023இல் மறைந்தார். மெய்ன் தியானக் குழு தொடங்கிய அதே 1975இல், ஹார்வர்டின் இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு சொல், ஒரே இடத்தில் அமர்வு, கவனம் போனால் கோபப்படாமல் திரும்புதல்: இவ்வளவும் சேர்ந்தால் இரத்த அழுத்தமும் மூச்சும் எப்படித் தணிகின்றன என்று அளந்து காட்டியது அது. 2015இல் இஸ்ரேலில் ஒரு குழு, தியானப் பழக்கமே இல்லாதவர்களை எபிரேயத்தில் 'ஒன்று' என்ற சொல்லை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து மூளையைப் படம் எடுத்தது. மனம் தன்பாட்டுக்கு அலையும்போது விழித்திருக்கும் பகுதிகள் அடங்கின.

இதைக் காட்டி, பார்த்தீர்களா அறிவியலே ஒப்புக்கொண்டது என்று துள்ளுபவர்கள் எங்கள் பங்கிலும் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் துள்ளல் பிடிப்பதில்லை. பென்சனின் நோயாளிக்கு வேண்டியது இரத்த அழுத்தம் குறைவது. கோல்விட்சரின் மாணவனுக்கு வேண்டியது குறித்த நாளில் வேலையை முடிப்பது. எவாக்ரியுஸ் 'அபாதெயா' என்று ஒரு நிலையைச் சொன்னார். கொந்தளிப்பு அடங்கிய நிலை, ஸ்தோயிக்கரிடமிருந்து கடன்வாங்கிய சொல். அது பெறும் பிள்ளையின் பெயர் அன்பு என்றார். அவருக்கு அடக்கம் நடுவழியில் வரும் ஊர்தான். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எண்ணங்களைப் பேய்கள் என்றே அவர் நம்பினார். அளவு பற்றி அவ்வளவு பேசியவர் அளவுமீறிய நோன்பால் தம் குடலைக் கெடுத்துக்கொண்டார். கடைசி ஆண்டுகளில் வேகவைத்த உணவுக்குத் திரும்பவேண்டியிருந்தது. மருத்துவர் கையில் கொடுத்திருந்தால் திட்டியிருப்பார்.

பேய் என்ற நம்பிக்கையிலும் ஒரு வசதி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. எண்ணம் வேறு, நான் வேறு என்று அது பிரித்துவைத்தது. 'நான் கோபக்காரன்' என்பதற்கும் 'கோபம் வந்திருக்கிறது' என்பதற்கும் நடுவே உள்ள தூரம் அது. தமிழுக்கு இதில் இயல்பாகவே ஒரு சௌகரியம். எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பசிக்கிறது, எனக்கு அலுப்பாக இருக்கிறது என்கிறோம். எல்லாம் எங்கிருந்தோ வந்து நமக்கு நேர்பவை. இந்த மொழியில் ஒப்பித்தும் ஏழையும் எங்கள் முதுகில் ஏற்றிவிட்டார்களே என்பதுதான் வருத்தம்.

ஆறு மாதமாக மாலையில் இருபது நிமிடம் உட்காருகிறேன். அரைமணி முடியவில்லை. பக்கத்தில் ஒரு பழைய கணக்கு நோட்டு, வந்ததை முடிந்ததும் எழுதிவைக்க. பெரும்பாலும் அகேதியாதான். சிலநாள் பழைய தோட்டத்து நினைப்பு, அதைத் துயரத்தில் எழுதுவதா வேறெதிலா என்று இன்னும் தெரியவில்லை. ஐந்தே காலுக்கு ரொட்டிக்காரப் பாயின் மோட்டார் சைக்கிள் ஹாரன் தெருமுனையில் கேட்கும். நேற்றும் கேட்டது. தேங்காய் பன் நினைப்பு வந்தது, வயிற்றுக்கு நடுவில் ஒரு இழுப்பு, கண்ணைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், தளர்ந்தது. பெரிய துறவிபோல ஒரு நிம்மதி வந்தது. அது வீண்புகழ், எழுதவேண்டும் என்று நினைத்தேன். ஹாரன் இரண்டாம் முறை எங்கள் வாசலிலேயே அடித்தது. சட்டைப்பையைத் தடவிக்கொண்டு கதவைத் திறந்து பார்த்தேன். பாய் அதற்குள் அடுத்த சந்துக்குத் திரும்பிவிட்டார்.